எதை எடுத்தாலும் முத்திரை குத்திக் கொடுங்கள்

குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நூலகர்களுக்கு,

வணக்கம். நான் 22 ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். கோடை விடுமுறைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. விடுமுறையில் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை எடுத்துவந்தாலும் தடுக்காமல் கொடுங்கள் என்று உங்களைக் கேட்கும் இந்தக் கடிதத்தை அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். விடுமுறை தொடங்கியபின் எழுதிப் பயனில்லை. அதற்குள் பிள்ளைகள் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அது பெரும்பாலும் புத்தகமாக இருக்காது.

பள்ளி மறுபடி திறக்கும் முதல் நாள் நான் ஒரு வேலை செய்வேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் மூன்றாம் வகுப்புக் கதை ஒன்றைக் கொடுத்து, ஆளுக்கொரு பத்தி வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். மதிப்பெண் கிடையாது. விடுமுறையில் யார் கையில் புத்தகம் இருந்தது, யார் கையில் இல்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். விடுமுறைக்குப் போகும்போது தடங்கலில்லாமல் படித்த பையன், "ஓடிக்கொண்டிருந்தான்" என்ற சொல்லுக்கு முன்னால் வந்து நிற்பான். விரலை வைப்பான். "ஓடிக்... கொண்டி... ருந்தான்" என்று மூன்றாக உடைத்து ஒருவழியாகக் கரையேறுவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்திருக்கும். ஓடியது யார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

அந்தச் சொல் அவனுக்குப் புதிதா என்ன? விடுமுறை முழுக்க "ஓடிக்கிட்டிருந்தான்" என்று நூறு முறை சொல்லியிருப்பான். வாய்க்குத் தெரிந்ததைக் கண் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இருக்கும் கூடுதல் பாரம் இது. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. வீட்டில் யாரும் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எழுத்துத் தமிழ் அவர்கள் காதில் விழுவது வகுப்பில்தான், கண்ணில் படுவது புத்தகத்தில்தான். வகுப்பை மூடிவிட்டால் மிச்சம் இருப்பது புத்தகம் மட்டும். ஆங்கிலத்தில் 1988-ல் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இருவர் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். படித்த பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள் வந்தன. குழந்தைகளுக்கான புத்தகங்களில் ஆயிரத்துக்குச் சுமார் 31. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்காத மொழியிலேயே கதை இப்படி. நம்முடையதில் யாராவது எண்ணினால் எப்படியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

விடுமுறையில் பிள்ளைகள் எவ்வளவு மறக்கிறார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. ஒரு மாதப் படிப்பு போய்விடுகிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பழைய தேர்வுகள் அளந்த விதமே கோணல், இழப்பு அவ்வளவு இல்லை என்று பிறகு வந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சண்டையை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது வேறு ஒரு பழைய ஆய்வு. பார்பரா ஹேய்ன்ஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேரைக் கோடையிலும் சேர்த்துப் பின்தொடர்ந்து, 1978-ல் புத்தகமாக வெளியிட்டார். கோடையில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்குப் பொது நூலகம் அளவுக்கு உதவிய பொது அமைப்பு வேறெதுவும் இல்லை, பள்ளிக்கூடம் உட்பட, என்பது அவர் கண்டது. நூலகம் வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுகூடக் கணக்கில் வந்தது.

பள்ளிக்கூடம் உட்பட. ஓர் ஆசிரியைக்கு இதை ஒப்புக்கொள்வது அத்தனை சுலபமில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டுதான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

வருவதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் உற்சாகமாக ஒரு விடுமுறை வேலை கொடுத்தேன்: நூலகத்திலிருந்து பத்துப் புத்தகம் எடுத்துப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வர வேண்டும். எல்லோரும் எழுதி வந்தார்கள். அட்டை போட்டு, ஓரத்தில் பூ வரைந்து, அழகான நோட்டுகள். பாதி நோட்டில் கையெழுத்து அம்மாவுடையது. ஒரு பையன் பின்னட்டையை அப்படியே பார்த்து எழுதியிருந்தான். கடைசி வரி, "இவ்வாசிரியரின் பிற நூல்கள்". அவனிடம் கதை பிடித்ததா என்று கேட்டேன். "எந்தக் கதை மிஸ்?" என்றான்.

அந்த ஆண்டோடு சுருக்கத்தை விட்டேன். ஒரு பெண் மட்டும் அதற்குப் பிறகும் நூலகம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்ததாக அவள் அம்மா வந்து சொன்னார். புத்தகம் எடுத்தால் எழுதணுமாம். அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் என்றால் வீட்டுப்பாடம் என்று நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன்.

போன கோடையில் ஒரு நாள் நானும் புத்தகம் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எட்டு வயதுப் பையன். கையில் படக்கதைப் புத்தகம், பக்கத்துக்கு இரண்டே வரி. நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். மேசையில் இருந்தவர் அதை வாங்கிப் புரட்டினார். கோபமெல்லாம் இல்லை, அன்பாகத்தான் சொன்னார்: "இது சின்னப் பிள்ளைங்க படிக்கிறது தம்பி. நீ பெரிய பையன். நல்ல புத்தகமா எடுத்துட்டு வா." பையன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. போய் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொடுத்தார். தடியான புத்தகம். முத்திரை விழுந்தது. வாசல் வரை பையன் அதை ஒரு கையில் தொங்கவிட்டபடி போனான். முதல் புத்தகத்தைப் பிடித்திருந்த மாதிரி இதைப் பிடிக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

அந்த நூலகர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அதே மேசையில் நான் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன். நல்ல புத்தகம் பிள்ளை கைக்குப் போக வேண்டும் என்ற ஆசை நம் இருவருக்கும் தொழில் வியாதி. ஆனால் ஃபுளோரிடாவில் நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். அலிங்டனும் அவர் குழுவினரும் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் ஒவ்வொரு கோடைக்கும் ஆளுக்கு 12 புத்தகம் என்று மூன்று கோடைக்குக் கொடுத்தார்கள். தேர்ந்தெடுத்தது பிள்ளைகள். ஆசிரியர்கள் யாரும் தலையிடவில்லை. பிள்ளைகள் என்ன எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாட்டுப் பாடுகிற நட்சத்திரங்கள், தொலைக்காட்சியில் வருகிற ஆட்கள் பற்றிய புத்தகங்களுக்குத்தான் கிராக்கி. நானும் நீங்களும் உதட்டைப் பிதுக்கியிருப்போம். மூன்று கோடை முடிந்து அளந்து பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். கோடை வகுப்புக்குப் போனால் கிடைக்கிற பலன் அளவுக்கு. 2010-ல் அந்த முடிவு வெளியானது.

இதில் உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடவில்லை. உங்கள் துறையின் பாலபாடமே நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகள்தானே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அந்த வாசகருக்கு எட்டு வயது என்றால் விதி மாறும் என்று அவர் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

சின்னப் புத்தகம் எடுக்கிற பிள்ளை சோம்பேறி என்று நினைக்கிறோம். நான் வகுப்பில் பார்த்த வரையில் அப்படியில்லை. தடுமாறுகிற பிள்ளைக்குத் தடுமாறாமல் முடிக்கிற ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் தொட்டோம் என்ற நிம்மதி அதற்குக் கிடைப்பதே அபூர்வம். ஒரே புத்தகத்தை ஐந்தாம் முறை எடுக்கிற பிள்ளையும் அப்படித்தான். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை பிடித்த இடத்துக்காக. மூன்றாம் முறை படிக்கும்போது "ஓடிக்கொண்டிருந்தான்" என்ற சொல் ஒரே வீச்சில் கண்ணில் விழும். எழுத்துக்கூட்டுகிற வேலை முடிந்துபோயிருக்கும். நான் ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் செய்கிற வேலையை அந்தப் பழகிய புத்தகம் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கும். "இதைத்தான் போன வாரமே எடுத்தியே" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த வாரம் அது வராது. புத்தகமும் போகாது, பிள்ளையும் வராது.

கண்ணாடி அலமாரியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பூட்டியிருந்தால் சாவியைத் தேடி எடுங்கள். முதுகு காட்டி நிற்கிற புத்தகங்களில் இருபதை மட்டும் எடுத்து முகம் தெரிய ஒரு மேசையில் வைத்தாலே போதும், பிள்ளைகள் அங்கே போய் நிற்பார்கள்.

அபராதம் பற்றி எழுதியே ஆக வேண்டும். அதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது. விடுமுறை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த கதைப் புத்தகத்தை ஜன்னலோரம் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். இரவில் சாரல். காலையில் பார்த்தால் பக்கங்கள் அலையலையாக உப்பி, புத்தகம் இரண்டு மடங்கு தடித்திருந்தது. சிவப்பு அட்டையின் சாயம் முதல் சில பக்கங்களில் இறங்கி, எழுத்தெல்லாம் ரோஸ் நிறத்தில் மிதந்தது. வெயிலில் வைத்தேன். விறைத்துக்கொண்டது. அம்மா இல்லாத நேரம் இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பழுப்பேறி ஓரம் சுருண்டது. அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. துணிப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தேன்.

நூலக மேசைக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கும். "நூல்கள் கிழிந்தாலோ நனைந்தாலோ இருமடங்கு வசூலிக்கப்படும்." 'வசூலிக்கப்படும்' என்ற சொல்லை நான் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டதே அந்தப் பலகையில்தான். எவ்வளவின் இருமடங்கு, யாரிடம் வசூல் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. போலீஸ் வரும் என்று நினைத்தேன். அதன்பின் நான்கு ஆண்டுகள் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை; கடைக்குப் போவதானாலும் சுற்றிப் போவேன். அங்கிருந்த நூலகர் ஒருநாளும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. நான் ஏன் வரவில்லை என்று அவர் யோசித்திருக்கவும் கூடும். ஒரு புத்தகம் நனைந்ததில் நூலகத்துக்கு நட்டம் ஒன்று. எனக்கு நான்கு கோடை.

சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமத அபராதத்தை மொத்தமாக எடுத்துவிட்டது. புத்தகமே திரும்பாது என்று பயந்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. சில வாரங்களுக்குள் திரும்பி வந்த புத்தகங்கள் 240 சதவீதம் கூடியதாக நூலகமே சொன்னது. எத்தனை துணிப் பெட்டிகளின் அடியிலிருந்து வந்தனவோ. 2021 அக்டோபரில் நியூயார்க் பொது நூலகமும் அதையே செய்தது. இதெல்லாம் பெரிய நூலகங்கள், மேலிடத்து உத்தரவு வேண்டும், நம் கையில் இல்லை என்பீர்கள். சரி. உங்கள் கையில் இருக்கிற ஒன்றைக் கேட்கிறேன். விடுமுறையில் பிள்ளைகள் எடுக்கிற புத்தகத்துக்குத் தவணைத் தேதியைப் பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். ஊருக்குப் போகிற பிள்ளை புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு போகும். பதினைந்தாம் நாள் திருப்ப வேண்டும் என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும். அல்லது எடுக்கவே எடுக்காது.

எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். உறுப்பினர் அட்டைக்கு இரண்டு புத்தகம் என்பது, அந்த இரண்டும் பிடித்துப்போகும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. பெரியவர்களாகிய நாமே எடுத்ததில் பாதியைப் பத்தாம் பக்கத்தில் மூடிவைக்கிறவர்கள். பிள்ளைக்கு ஆறு கொடுங்கள். இரண்டு தேறும். மற்ற நான்கு படிக்காமல் திரும்பி வந்தால் ஏன் படிக்கவில்லை என்று விசாரணை வேண்டாம்.

பரிசு பற்றிக் கேட்பீர்கள். கோடை வாசிப்புத் திட்டம் என்றாலே அட்டையில் நட்சத்திரம் ஒட்டுவது, சான்றிதழ், மேடை என்று வந்துவிடுகிறது. பிரிட்டனில் 1999 முதல் நடக்கும் கோடை வாசிப்புச் சவாலில்கூட ஆறு புத்தகம் என்று ஒரு கணக்கு வைத்துத்தான் பிள்ளைகளை அழைத்தார்கள். நட்சத்திரத்துக்கு நான் எதிரி இல்லை. என் வகுப்பிலும் ஒரு டப்பா இருக்கிறது. ஆனால் 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த சோதனை ஒன்றை என்னால் மறக்க முடிவதில்லை. படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு அந்தச் சோர்வு வரவில்லை.

ஆகவே பரிசு கொடுப்பதானால் சொல்லாமல் கொடுங்கள். அதிகப் புத்தகம் படித்தவர் யார் என்ற போட்டியை மட்டும் வைக்காதீர்கள். அதில் ஜெயிக்கப்போவது யார் என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும். ஏற்கெனவே படிக்கிற பிள்ளைதான். விரல் வைத்துப் படிக்கிறவன் பலகையில் கடைசிப் பெயராக நிற்பான், அதுவும் எல்லோரும் பார்க்க.

இத்தனையும் நீங்கள் செய்துவிட்டால் பிள்ளைகள் படித்துத் தள்ளிவிடுவார்களா? மாட்டார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஜேம்ஸ் கிம்மும் ஒயிட்டும் 2008-ல் வெளியிட்டது. புத்தகம் மட்டும் பெற்ற பிள்ளைகளுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. விடுமுறைக்கு முன் எப்படிப் படிப்பது, புரியாத இடத்தில் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்து, வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டவும் ஏற்பாடு செய்தபோதுதான் முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பங்கு எங்களுடையது. விடுமுறைக்கு முந்தைய வாரம் அதைத்தான் நடத்துகிறேன். ஒரு பக்கத்தைத் திற, தெரியாத சொல்லுக்கெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். இது பழைய உபாயம். விதி என்று சொல்லித் தருவதில்லை. ஐந்து விரலும் மடங்கிய பிறகும் டைனோசர் புத்தகத்தைத்தான் எடுப்பேன் என்கிறவனை நான் தடுப்பதில்லை.

இதைப் படிக்கிற பெற்றோர் இருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. "கதையைச் சொல்லு பாப்போம்" என்று பிள்ளையை நிறுத்திவைத்துக் கேட்காதீர்கள்; அதுவும் தேர்வுதான். "எந்த இடத்துல நிறுத்தியிருக்கே?" என்று போகிறபோக்கில் கேளுங்கள். நிறுத்திய இடத்தைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், அவர்களே சொல்வார்கள். என் மகள் அப்படி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், எனக்குத்தான் அடுப்பில் வேலை கெடும்.

நூலகர்களே, கோடையில் உங்களுக்கும் வேலை கூடும், ஆள் குறையும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் கலைத்துப்போட்ட அலமாரியை மாலையில் தனியாக நின்று அடுக்குவது நீங்கள்தான். வரிசை எண் மாறி எங்கோ செருகிய புத்தகத்தை மறுநாள் தேடுவதும் நீங்கள்தான். கிழிந்து வந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள். அலமாரி பூட்டியே இருப்பதற்குக் காரணம் இதெல்லாம்தான் என்று புரிகிறது. அதனால் வெறும் வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விடுமுறையில் வாரத்துக்கு ஒரு மாலை அடுக்குகிற வேலைக்கு நானும் வருகிறேன். உடன் வேலை பார்க்கிற இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற ஊர்களிலும் கேட்டால் வருகிற ஆசிரியர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பகுதி நூலகருக்கு மட்டும் தனியாகச் சில வரிகள். கடைசி வேலைநாள் அன்று காலை என் வகுப்பிலிருந்து 34 பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஐந்து பேருக்கு இன்னும் அட்டை இல்லை. விண்ணப்பத்தில் பொறுப்பாளர் கையெழுத்து கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் வீட்டில் கையெழுத்துப் போட ஆள் இல்லையென்றால் நான் போடுகிறேன், புத்தகம் நனைந்தாலும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெண் போன ஆண்டு எடுத்த அதே யானைப் புத்தகத்தைத்தான் கேட்பாள். அது உள்ளே இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்து வைத்தால் நல்லது. முத்திரை மைத்தட்டையும் நனைத்து வையுங்கள். போன முறை பாதிப் புத்தகங்களில் தேதி சரியாக விழாமல், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது 3-ஆ 8-ஆ என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியை